உண்ணிக்காய் தின்ற மூன்று பேர்

போன மாதம் ஊருக்குப் போகும்போது பாதி மலையில் பஸ் நின்றது. சாலையோரம் மண்டிக் கிடந்த உண்ணிச்செடிகளை ஜேசிபி வைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற இளைஞர், பேச்சை வைத்துப் பார்த்தால் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர், ஜன்னல் வழியாக எங்களுக்கு விளக்கம் கொடுத்தார். இது இந்த மலையின் செடியே இல்லையாம். யாரோ வெள்ளைக்காரன், பூ அழகாக இருக்கிறதே என்று கப்பலில் ஏற்றி வந்து பங்களா வாசலில் நட்டானாம். அவன் போய்விட்டான், செடி போகவில்லை. வேலி தாண்டி, குருவி எச்சத்தில் சவாரி செய்து மலையேறி, இங்கிருந்த செடிகளையெல்லாம் மூச்சுமுட்ட அமுக்கிவிட்டுச் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு முன் சீட்டில் இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இதுக்கு ரேசன் கார்டு இல்லீங்களா?" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. உண்ணிச்செடியை எங்கே கண்டாலும் என் உள்ளங்கைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். காரணத்தைச் சொன்னால் மானம் போகும். இந்த வயதில் போவதற்கு அதில் பெரிதாக மிச்சமில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன்.

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் எங்கள் ஊரில் உண்ணி இல்லாத இடம் அடுப்படி மட்டும்தான். அங்கேயும் அடுப்புக்குள் விறகாக இருந்தது. மரவள்ளிக் காட்டுக்கு வேலி அதுதான். மாட்டுக்கொட்டகையின் சுவர்கூட உண்ணிக் குச்சிகளை நெருக்கி நட்டு, குறுக்கே பின்னி, மண் பூசியதுதான். மஞ்சளும் ரோஸுமாகப் பூக்கும். பச்சைப்பச்சையாகக் கொத்தாகக் காய்க்கும். பழுத்தால் நாவல் நிறத்துக்கு வரும், இனிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் எங்களுக்கு அதுதான் பலகாரக் கடை. ஆனால் காயைத் தின்னக்கூடாது, இலையைத் தொடக்கூடாது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மலையில் பிறந்து வளர்ந்த மாடுகளுக்கும் தெரியும். அவை உண்ணியை முகர்ந்து பார்த்து, 'சீ' என்கிற மாதிரி மூக்கை உறிஞ்சிவிட்டு நகர்ந்துவிடும்.

தெரியாத ஒரே ஜீவன் எங்கள் வீட்டுப் புதுப் பசு.

அது அடிவாரத்திலிருந்து வந்தது. அப்பாவின் ஒரே தங்கையை, அதாவது என் அத்தையை, முள்ளுக்குறிச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அத்தையின் வீட்டுக்காரரான மாமா தானே நின்று பார்த்துப் பிடித்துக் கொடுத்த சீமைப் பசு. கறுப்பும் வெள்ளையுமாக, காலண்டரிலிருந்து இறங்கி நடந்து வந்ததுபோல இருக்கும். அப்பாவுக்கு அந்தப் பசுவின்மேல் பெருமை. அதைக் கொடுத்த மாப்பிள்ளையின்மேல் அதைவிடப் பெருமை. மாமா மலையேறி வந்தால் எங்கள் வீட்டில் கோழி அடிப்பார்கள். அதனால் எனக்கும் மாமாவின்மேல் பெருமைதான்.

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, பசுவைத் தரிசுக் காட்டில் கட்டி மேய்க்கச் சொல்லி அனுப்பினார் அப்பா. "உண்ணிப் பக்கம் கட்டாத. இது கீழ்நாட்டு மாடு, இதுக்குத் தெரியாது" என்று இரண்டு தடவை சொன்னார். நான் மூன்று தடவை தலையாட்டினேன். தரிசின் ஒரு பக்கம் நல்ல புல் இருந்தது. இன்னொரு பக்கம் நல்ல பழம் இருந்தது. மாட்டைப் புல்லில் கட்டிவிட்டு நான் பழத்துக்குப் போனால் மாடு கண்ணில் படாது. பொறுப்புள்ள பிள்ளை என்ன செய்வான்? மாட்டையும் பழத்தின் பக்கமே கொண்டுவந்து கட்டினேன்.

புதரின் அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். இருவரும் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்தோம். அதற்கு இலை, எனக்குப் பழம். கொத்துக்கொத்தாகப் பிடுங்கி வாயில் அப்பினேன். கொத்தில் கறுப்போடு பச்சையும் கலந்திருக்கும், பொறுக்கித்தான் தின்ன வேண்டும். பசு வேகமாகத் தின்பதைப் பார்த்து எனக்கும் வேகம் வந்துவிட்டது. இரண்டொரு பச்சை உள்ளே போயிருக்கும். அப்போது அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

திங்களும் செவ்வாயும் பள்ளிக்கூடம் லீவு. திங்கட்கிழமை பசு அசைபோடுவதை நிறுத்திவிட்டது. தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. அதே திங்கட்கிழமை மத்தியான பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். தனியாக வந்தாள். தாடையைச் சுற்றி உச்சந்தலை வரைக்கும் ஒரு துணியைக் கட்டி, அதற்குமேல் முந்தானையை இழுத்துப் போட்டிருந்தாள். அம்மா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து அப்பாவிடம், "பல்லு வலியாம், கன்னம் வீங்கிக் கெடக்குது. நாலு நாளு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அப்பா, "இருக்கட்டும், இருக்கட்டும். கிராம்பு வெச்சுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்தார். நாமக்கல்லுக்குத் தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர், நல்ல மனிதர், குரல் மட்டும் மைக் வைத்ததுபோல இருக்கும். பசுவின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். உள்ளே மஞ்சள். மூக்கு நுனி வறண்டு வெடித்திருந்தது.

"உண்ணி தின்னுருக்குதுங்க" என்றார். "இது வவுத்துல போச்சுன்னா மாட்டுக்கு வெயிலே ஆகாது. வெயில் பட்டுச்சோ, தோல் பட்டை பட்டையா உரிஞ்சு போயிரும். பத்து நாளைக்கு இருட்டுல கட்டுங்க. அடுப்புக்கரியப் பொடிச்சுத் தண்ணில கலக்கி ஊத்துங்க."

"பூராத் தோலுமுங்களா?" என்றார் அப்பா.

"கறுப்பா இருக்கிற எடத்துக்கு ஒண்ணும் அவ்வளவா ஆகாதுங்க. வெள்ளையா இருக்கிற எடந்தான் உரியும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உண்ணிப் பக்கம் கட்டுனயா?"

"இல்லீங்கப்பா."

"கயித்த அறுத்துக்கிட்டு மேஞ்சிருக்குமுங்க" என்று கம்பவுண்டர் எனக்காகவே சொன்னதுபோலச் சொன்னார். அவருக்கு இன்றைக்கும் நான் நன்றி உள்ளவன்.

ஆனால் எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. வயிற்றுக்குள் அந்த இரண்டொரு பச்சைக்காய்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டன. கொட்டகைக்கு வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் நின்றது கொட்டகையின் நிழலில். வீட்டு வாசல் இருபதடி தூரம். இருபதடியும் வெயில்.

என் உடம்பை ஒரு கால்நடை மருத்துவரின் கண்ணோடு பரிசோதித்தேன். நான் நல்ல கறுப்பு. அதுவரைக்கும் அதில் எனக்கு வருத்தம் இருந்தது, அந்த நொடியில் பெரிய நிம்மதியாக மாறியது. கைகள் தப்பும், கால்கள் தப்பும், முகம் தப்பும். அப்புறம்தான் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். வெளுப்பு. உள்ளங்காலும் வெளுப்பு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது இரண்டு கைகளையும் அக்குளுக்குள் திணித்துக்கொண்டு, குதிகாலால் பறந்து வீட்டுக்குள் விழுந்தேன்.

அப்பாவிடம் சொல்ல முடியாது. உண்ணி என் தோலை உரிப்பதற்கு முன்னால் அவர் உரித்துவிடுவார். அம்மாவிடம் சொன்னால் அது அப்பாவிடம் போகும். ஆகவே ஒன்பது வயதில் சாவை நான் ஒற்றையாக எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொங்காடை போட்டுக்கொண்டு போனேன். கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வதுதான் கொங்காடை. மலை மழைக்கு அதுதான் எங்கள் குடை. அன்றைக்கு வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. வழியில் பலாமரத்திலிருந்து பலாமரத்துக்கு ஓடினேன். மிளகுக்கொடி ஏறிய மரங்களின் மெலிந்த நிழலில் பக்கவாட்டாக நடந்தேன். நிழலே இல்லாத இடத்தில் கையை அக்குளில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். கண்ணுக்குள் வெள்ளை இருக்கிறதே.

வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டா, வெளிய மழையா?"

"வரும்போல இருக்குதுங்க சார்."

"உனக்கு மட்டுமா?"

வகுப்பு சிரித்தது. சிரியுங்கள், சிரியுங்கள், என் தோல் ஆணியில் சட்டைபோலத் தொங்கும்போது அழுவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காட்சி எனக்கே மிகவும் பிடித்துப்போய், மத்தியானம் வரைக்கும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டிருந்தது. என் உண்டிவில்லை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தேன். ஒருவரும் அதற்குத் தகுதியாகப் படவில்லை.

சாயங்காலம் நேராகக் கொட்டகைக்குப் போனேன். ஊரிலேயே இருட்டான இடம் அதுதான். பசுவுக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். "நான் பார்த்துக்கறேண்ணா, எனக்குத்தான் வெளி வேலை ஒண்ணுமில்லையே" என்று சொல்லிவிட்டு, விடிந்ததிலிருந்து பொழுதடைகிறவரைக்கும் அங்கேயே இருந்தாள். கரித்தூளைக் கலக்கி மூங்கில் குழாயில் ஊற்றிப் பசுவின் கடைவாயில் செருகி, தொண்டையை நீவிவிடுவாள். வெடித்த மூக்கில் வேப்பெண்ணெய் தடவுவாள். நான் போன நேரம் அவள் தீவனக் கூடை எடுக்க வீட்டுக்குள் போயிருந்தாள். மூங்கில் குழாய் நிரம்பியபடி சுவரில் சாய்ந்திருந்தது.

பசுவுக்கு ஆகும் மருந்து எனக்கு ஆகாதா? குழாயைத் தூக்கிக் கடைவாயில் செருகிக்கொண்டேன். தொண்டையை நானே நீவிவிட்டுக்கொண்டேன். பாதி உள்ளே போயிற்று. மீதி மூக்கு வழியாக வந்தது.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி, அது மாட்டுக்கு" என்றாள்.

அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். கரி வழிய வழிய எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டை எங்கே கட்டினேன், அப்பா கேட்டபோது எப்படிப் பொய் சொன்னேன், நானும் தின்றது, எல்லாம்.

"பழமா, காயா?"

"பழந்தான் அத்தே. நடுவுல பச்சையும் போயிருச்சு."

அத்தை சிரித்தாள். தாடைத் துணியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பில் துணி நழுவிக் கழுத்துக்கு வந்தது. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

இடது கன்னம் முழுக்க, கண்ணுக்குக் கீழே தொடங்கி, உண்ணிப்பழத்தின் நிறம். நன்றாகப் பழுத்த பழத்தின் அதே கருநீலம். உதட்டோரத்தில் தோல் வெடித்து உரிந்திருந்தது. பசுவின் மூக்கைப் போலவே.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு வந்தது. வெளியே தலைகாட்டாதது. இருட்டில் உட்கார்ந்திருப்பது. பல்வலியாம், பல்வலி. நான் சொல்லாத பொய்யா?

"அத்தே, நீயுமா?"

அத்தை துணியை மேலே இழுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே விட்டுவிட்டாள். "ஆமா சாமி. நானுந்தான்."

"நீயாப் பறிச்சுத் தின்னயா?"

"நான் எங்க பறிச்சேன். உங்க மாமன் குடுத்தாங்க."

"ஒருக்காவா?"

"பலதரம் குடுத்திருக்காங்க."

"வேண்டாம்னு சொல்லலாமல்ல?"

"சொன்னா இன்னுங் கொஞ்சம் குடுப்பாங்க" என்றாள் அத்தை. பசுவின் நெற்றியைச் சொறிந்துகொண்டே, ஏதோ ஊர் விசேஷம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

எனக்கு மாமாவின்மேல் கோபம் வரவில்லை. அவரும் கீழ்நாட்டுப் பக்கம். அங்கே யாருக்கும் உண்ணியைப் பற்றித் தெரியாதுபோல. என் கவலையெல்லாம் அத்தையின் நிறத்தைப் பற்றித்தான். எங்கள் வீட்டிலேயே அவள் ஒருத்திதான் சிவப்பு. எனக்கு உள்ளங்கையோடு போகும். அவளுக்கு முழுசாக உரியும்.

இரண்டு பேரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவள் என்னைப் பற்றி அப்பாவிடம் சொல்லக்கூடாது, நான் அவளைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும் என்றாள். பசுவின் கொம்பைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் இருட்டில் வாழ்ந்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்கு ஓடி வந்துவிடுவேன். உண்ணிக் குச்சிச் சுவரில் மண் பெயர்ந்த இடங்கள் வழியாக வெயில் ஊசிஊசியாக உள்ளே வரும். சாணியைக் குழைத்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். எங்களைத் தின்னவிட்டதும் உண்ணி, வெயிலுக்கு மறைப்பதும் உண்ணி என்கிற வேடிக்கையெல்லாம் அப்போது புத்தியில் படவில்லை. அத்தை சுவரோரம் சாய்ந்துகொண்டு, "அங்க ஒண்ணு விட்டுட்டயே சாமி" என்று கையைக் காட்டுவாள். அப்பா வந்து பார்த்துவிட்டு, "பையனுக்கு மாட்டுமேல இத்தனை பாசமா!" என்று அம்மாவிடம் வியந்தாராம்.

தினமும் அத்தையின் கன்னத்தைப் பரிசோதித்தேன். வெள்ளிக்கிழமை கருநீலம் பச்சையாக மாறியது. சனிக்கிழமை ஓரங்களில் மஞ்சள் தெரிந்தது. பழம் காயாகி, காய் பூவாகிக்கொண்டிருந்தது. இப்படிப் பின்னோக்கி நடக்கும் வியாதி எங்கே போய் முடியும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மாமா வந்தார். கூடவே அவர் அண்ணனும் இன்னொரு பெரியவரும். பெண்ணை அழைத்துப்போக வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அப்பா சந்தோஷமாகக் கோழியைப் பிடிக்க ஓடினார். விருந்துக்கு ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்கும் ஆள் அனுப்பினார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோபித்துக்கொண்டோ சொல்லாமல் கொள்ளாமலோ பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட முடியாது. களத்தில் நாலு பேர் நடுவில் அவள் வந்து நின்று, 'போறேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போயாக வேண்டும். அப்புறம் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தால் கதவைத் திறக்கமாட்டார்கள். பல்வலிக்கு வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்பா நினைத்தார். ஆனால் சொல்லாமல் வந்தவள் என்பதால், முறைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார்.

அம்மா கொட்டகைக்கு வந்தாள். "என்ன சொல்லப்போற?" என்று கேட்டாள்.

"போறேன்னுதான். இந்தக் கண்றாவிய நாலு பேருக்குக் காட்டி அண்ணன் தலையக் குனிய வெக்கச் சொல்றீங்களா, அண்ணி?" என்றாள் அத்தை. துணியை எடுத்துத் தாடையை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். அம்மா திரும்பிப் போனாள்.

நான் அடைத்துவைத்த ஓட்டை ஒன்றைத் தோண்டி வெளியே பார்த்தேன். உச்சி வெயில். களம் வெள்ளைவெளேரென்று கிடந்தது. அந்தக் களத்தின் நட்டநடுவில்தான் அத்தை போய் நிற்க வேண்டும். துணி பாதிக் கன்னத்தைத்தான் மறைக்கும். நெற்றி? கை? கழுத்து?

"போகாத அத்தே. உரிஞ்சிரும்" என்றேன்.

"உரிஞ்சா உரியட்டும் சாமி" என்று எழுந்தாள்.

இங்கே நான் வீரமாக ஏதோ முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், மூளை நின்றுவிட்டது, கால் ஓடிவிட்டது. சத்தியம், அப்பா, உள்ளங்கால் எதுவும் நினைவில் இல்லை. கொங்காடையைத் தலையில் போட்டதுகூடத் தெரியாது. அன்று காலையும் ஒரு குழாய் கரித்தண்ணீர் குடித்திருந்ததால் வாயும் பல்லும் கருகருவென்று இருந்திருக்கும். அப்படியொரு கோலத்தில், இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, களத்தின் நடுவில் போய் நின்று கத்தினேன்.

"அத்தைய வெளிய கூப்புடாதீங்க! அத்தைக்குப் பல்லு வலியில்ல! மூஞ்சி பூராக் கறுத்துப் போயி, இப்ப மஞ்சளாயிருச்சு! வாயி கிழிஞ்சிருக்குது! மாமாதான் உண்ணிக்காய் குடுத்தாங்க! பலதரம் குடுத்திருக்காங்களாம்! வேண்டாம்னா இன்னுங் குடுப்பாங்களாம்! மாட்டுக்கு நாந்தான் குடுத்தேன், அத்தைக்கு மாமாதான் குடுத்தாங்க!"

கடைசி வாக்கியத்தில் என் குற்றத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டதை முடித்தபிறகுதான் கவனித்தேன். அப்பா பாய்ந்து வந்தார். கை ஓங்கிவிட்டது. நான் முதுகை வளைத்துக் கொடுத்தேன்.

அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஓங்கிய கை அப்படியே நிற்க, கொட்டகை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வெளியே வந்திருந்தாள். கட்டிய துணியைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். முழு வெயிலும் அவள் முகத்தில் அடித்தது. அப்பாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. இறங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல அப்பா கொஞ்சநேரம் நின்றார்.

அதற்குப்பிறகு களத்தில் பேசியதெல்லாம் பின்னால் அம்மா சொல்லி நான் அறிந்தது. அந்த நேரம் எனக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. நானும் வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளங்கைகளை விரித்து வைத்து, எங்கேயிருந்து உரிய ஆரம்பிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க மாப்பிள்ள, பொம்பளப் புள்ளைய இப்பிடித்தான் அடிக்கிறதுங்களா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டாராம். மாமா, "சின்னப் பையன் என்னமோ ஒளறுறானுங்க" என்றாராம். மாமாவின் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஊர்க்கவுண்டர் அத்தையின் பக்கம் திரும்பி, "நீ சொல்லு சாமி. போறயா?" என்றாராம்.

அத்தையின் பதில் மட்டும் என் காதிலேயே விழுந்தது. எனக்குச் சாதகமான சாட்சியம் என்பதால் விழுந்திருக்கும்.

"பையன் சொன்னது அத்தனையும் நெசமுங்க" என்றாள். "நான் போகலீங்க."

பார்த்தீர்களா, என்பதுபோல நான் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ள, ரெண்டு மணி பஸ்ஸு இருக்குதுங்க" என்றார். வந்த மூன்று பேரும் போனார்கள். மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை. என்ன அவசரமோ, இவ்வளவு நல்ல கோழிக் குழம்பை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு கால் துண்டும் எனக்கே கிடைத்தது. மாமா உண்ணிக்காய் விஷயம் வெளியே தெரிந்துவிட்டதில் வெட்கப்பட்டுப் போய்விட்டார் என்று முடிவு செய்துகொண்டு, எலும்பு வரைக்கும் கடித்தேன். உள்ளங்கை உரியவில்லை. கரித்தண்ணீர் வேலை செய்துவிட்டது.

பசுவும் பிழைத்தது. பத்து நாள் கழித்து வெளியே கொண்டுவந்தபோது மூக்கின் பழைய தோல் உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. மறுபடி உண்ணிப் பக்கம் அது முகத்தைத் திருப்பவே இல்லை. எனக்கு வரவேண்டிய அடி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்றே நம்பி, பல மாதங்கள் முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அது வரவேயில்லை.

அத்தை எங்களோடே இருந்துவிட்டாள். அடுத்த வருஷம் உண்ணி பழுத்தபோது ஒரு தேக்கிலையில் பழம் பறித்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, பச்சைச் சாயல் உள்ளதையெல்லாம் எறிந்துவிட்டு, நல்ல கறுப்பை மட்டும் பொறுக்கி எடுத்தேன். அத்தை களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள். இலையை நீட்டினேன்.

"இது பழம் அத்தே. காயே இல்ல. நான் பார்த்துட்டேன். பயப்படாமத் தின்னு."

அத்தை இலையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. துடைத்தாள், மறுபடியும் கொட்டியது.

நான் அண்ணாந்து பார்த்தேன். நல்ல வெயில். ஒரு வருஷமாகியும் அவளுக்கு அந்த விஷம் இறங்கவில்லைபோல. ஓடிப்போய்க் கொட்டகையில் மாட்டியிருந்த என் கொங்காடையைக் கொண்டுவந்து, அவள் தலையில் கவிழ்த்துவிட்டேன்.